பெயர் என்னும் சொத்து

திருப்பூரில் தைக்கப்படும் ஒரு பனியனின் கழுத்துப்பட்டைக்கு உட்புறத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு மேற்படாத ஒரு லேபிள் இருக்கும். நூல் கொடுத்தவர், துணி பின்னியவர், சாயம் தோய்த்தவர், வெட்டியவர், பவர் டேபிளில் அமர்ந்து தைத்தவர், கைமடித்தவர், பிசிறு நீக்கியவர், தேய்த்து மடித்துப் பெட்டியில் அடுக்கியவர் என்று எத்தனையோ பேருடைய உழைப்பைத் தாங்கிக் கப்பலேறும் அந்த ஆடையில், இவர்களில் ஒருவருடைய பெயரும் இராமல், கடல் கடந்த தேசத்துக் கடைக்காரர் ஒருவருடைய பெயர் மாத்திரமே அந்த லேபிளில் நெய்யப்பட்டிருக்கும். இது வியாபாரத்தின் நியதி. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆயினும் அரை நூற்றாண்டாகப் பிறர் பெயரை இத்தனை நேர்த்தியாகத் தைத்துக் கொடுத்த ஓர் ஊர், தன்னுடைய சொந்தப் பெயர்களை எவ்வளவு ஜாக்கிரதையாகப் பாதுகாத்து வைத்திருக்கிறது என்ற கேள்வியை இனியும் ஒத்திப்போடுவதற்கில்லை என்பது என் அபிப்பிராயம். அந்தக் கேள்வி இன்று முதன்முதலில் எழுவது கடை வாசலிலோ, பெயர்ப்பலகையிலோ அன்று. இணையத்தில் நாம் வைத்துக்கொள்ளும் முகவரியில், அதாவது 'டொமைன்' என்று யாவரும் அழைக்கும் அந்தச் சிறிய பெயரில்தான் எழுகிறது.

உள்ளாடைப் பின்னலுக்குக் கல்கத்தாவே பிரசித்தி பெற்றிருந்த காலத்தில், 1925-ஆம் ஆண்டு வாக்கில் திருப்பூரில் முதல் பின்னல் தொழிற்சாலை தோன்றியது. 1970-களின் இறுதியில் இத்தாலிய வியாபாரிகள் பம்பாய் வழியாக இவ்வூரைக் கண்டடைந்தார்கள். 1990-இல் ஏற்றுமதியாளர் சங்கம் உருவாயிற்று. 2009-இல் ஊர் தனி மாவட்டத்தின் தலைநகரமாயிற்று. இன்று ஆண்டொன்றுக்கு நாற்பதாயிரம் கோடி ரூபாயை ஒட்டிய மதிப்புள்ள பின்னலாடை இங்கிருந்து அயல்நாடுகளுக்குச் செல்கிறது. இந்த வளர்ச்சியில் ஸ்தாபனங்களுக்குப் பெயர் வைக்கும் முறை மட்டும் பெரிதாக மாறவில்லை. தகப்பனார் பெயர், தாயார் பெயர், மூத்த மகளின் பெயர், குலதெய்வத்தின் பெயர், பழனி முருகனின் நாமங்களில் ஒன்று, கூட்டாளிகள் நால்வருடைய பெயர்களின் முதலெழுத்துக்கள் என்று ஏதேனும் ஒன்றை எடுத்து, அதன் பின்னால் 'நிட்ஸ்', 'டெக்ஸ்', 'கார்மெண்ட்ஸ்', 'எக்ஸ்போர்ட்ஸ்', 'அப்பேரல்ஸ்' என்ற சொற்களில் ஒன்றைச் சேர்த்துவிட்டால் கம்பெனிக்குப் பெயர் தயாராகிவிடும். நன்றியும் பக்தியும் கலந்த இந்தச் சம்பிரதாயம் மிகவும் அழகியது. அதை விட்டுவிடும்படி நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அந்தச் சம்பிரதாயத்துக்குள் நின்றுகொண்டே தேசமெங்கும் அறியப்பட்ட பெயரை உண்டாக்க முடியும் என்பதற்குத் திருப்பூரிலேயே உதாரணம் இருக்கிறது. 1983-இல் கே. ஆர். நாகராஜன் வேட்டி வியாபாரத்தைத் தொடங்கியபோது, தம் தகப்பனார் ராமசாமியின் பெயரிலிருந்து முற்பாதியையும் தம் பெயரிலிருந்து பிற்பாதியையும் எடுத்து 'ராம்ராஜ்' என்ற பெயரை அமைத்தார். அந்தப் பெயரில் தகப்பனாரும் இருக்கிறார், மகனும் இருக்கிறார். சொல்வதற்கு எளிது, எழுதுவதில் குழப்பமில்லை. அதனோடு பருத்தியைக் குறிக்கும் 'காட்டன்' சேர்ந்தவுடன் பிறர் பெயரோடு மயங்காத தனித்தன்மையும் வந்துவிட்டது. இன்று 'ராம்ராஜ்காட்டன் டாட் இன்' என்று கணினியில் தட்டுகிறவர் வேறெங்கும் வழிதவறாமல் அந்தக் கடைக்கே போய்ச் சேருகிறார். கடையின் பெயரும் லேபிளின் பெயரும் இணைய முகவரியும் ஒன்றாக இருப்பதன் பிரயோஜனம் இதுவே.

இணையத்தில் உள்ள ஒவ்வொரு கணினிக்கும் எண்களாலான ஒரு முகவரி உண்டு. அந்த எண்களை மனிதர் ஞாபகம் வைத்துக்கொள்வது இயலாத காரியமாகையால், பெயரைச் சொன்னால் அதற்குரிய எண்ணைத் தேடித் தரும் ஏற்பாடு ஒன்றை 1983-இல் அமெரிக்கரான பால் மொக்கபெட்ரிஸ் வகுத்துக் கொடுத்தார். 1985 மார்ச் 15-ஆம் தேதி 'சிம்பாலிக்ஸ் டாட் காம்' என்ற பெயர் பதிவாயிற்று. டாட் காம் குடும்பத்தின் முதற்பிள்ளை அதுதான். 1998 முதல் 'ஐகான்' என்ற அமைப்பு இப்பெயர் முறை முழுவதையும் மேற்பார்வை செய்து வருகிறது. நம் நாட்டுக்குரிய 'டாட் இன்' பெயர்கள் நெடுங்காலம் கடுமையான விதிகளுக்குள் அடைபட்டுக் கிடந்தமையால், 1992 முதல் 2004 வரை சுமார் 7,000 பெயர்களே பதிவாகியிருந்தன. 2005-இல் நிக்ஸி என்ற அமைப்பின் பொறுப்பில் அது யாவருக்கும் திறந்துவிடப்பட்ட பிறகுதான் சாதாரண வியாபாரிக்கும் எட்டும் பொருளாயிற்று. தமிழ் எழுத்திலேயே முடியும் 'டாட் இந்தியா'வும் இப்போது உண்டு. உள்நாட்டு வாடிக்கையாளரை நாடும் கடைகள் அதையும் ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

இங்கே பலர் தவறாக விளங்கிக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். டொமைனை 'வாங்கினேன்' என்று நாம் சொன்னாலும், அது கிரயப் பத்திரம் எழுதி வாங்கிய நிலத்தைப் போன்றதன்று. குத்தகை நிலத்தைப் போன்றது. ஓராண்டு முதல் பத்தாண்டு வரை பணம் கட்டி வைத்திருக்கலாம். கெடு முடியுமுன் மறுபடி கட்டினால் தொடர்ந்து நம் அனுபோகத்தில் இருக்கும். கட்டத் தவறினால் கை நழுவிவிடும். டாட் காம் பெயராயின், கெடு முடிந்த பின் பதிவு செய்து தந்த கம்பெனி அதிகபட்சம் 45 நாள் அவகாசம் தரலாம். அதன் பின் கூடுதல் தண்டத்தொகை கட்டி மீட்பதற்கு 30 நாள் உண்டு. அதற்கும் பின் ஐந்து நாளில் பெயர் பொதுவில் விடப்படும். இப்படி விடப்படும் பெயர்களையே கண் கொட்டாமல் பார்த்திருந்து அந்த விநாடியே எடுத்துக்கொள்கிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். இருபது ஆண்டு நடத்திய கம்பெனியின் முகவரி, ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்குச் சற்று முன்பின்னான ஒரு தொகையைக் கட்ட மறந்தமையால் அன்னியர் கைக்குப் போகுமானால், அதைவிட வருந்தத்தக்க நஷ்டம் வேறில்லை.

பெயர் தேர்வுக்கு வருவோம். நம் ஊரில் ஒரே தெய்வத்தின் பெயரை எத்தனையோ கம்பெனிகள் தாங்கி நிற்கின்றன. பெயர்ப்பலகைகள் வெவ்வேறு தெருக்களில் இருக்குமட்டும் இதனால் யாருக்கும் சங்கடமில்லை. அவிநாசி ரோட்டில் ஒரு செந்தில், மங்கலம் ரோட்டில் ஒரு செந்தில், பல்லடம் ரோட்டில் இன்னொரு செந்தில் என்று இருந்தாலும் லாரிக்காரர் சரியாகவே சரக்கை இறக்கிவிடுவார். ஆனால் இணையத்தில் தெருக்கள் இல்லை. ஒரு பெயருக்கு ஓர் இடந்தான் உண்டு. முந்திக்கொண்டவருக்கு அது சொந்தம்.

இதன் கடுமையை உலகத்துக்கு உணர்த்திய ஒரு வழக்கு உண்டு. அமெரிக்காவின் வட கரோலினாவில் ஊசி நிஸ்ஸான் என்ற சிறு வியாபாரி, தம் குடும்பப் பெயராகிய 'நிஸ்ஸான்' என்பதைத் தம் கணினிக் கடைக்கு வைத்து, 1994-இல் 'நிஸ்ஸான் டாட் காம்' என்ற முகவரியையும் பதிவு செய்துகொண்டார். ஜப்பானின் பெரிய மோட்டார் கம்பெனி விழித்துக்கொண்டு 1999-இல் அவர்மீது வழக்குத் தொடுத்தது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. அந்த முகவரியில் மோட்டார் கார் சம்பந்தமான விளம்பரங்களை வைக்கக் கூடாது என்று நீதிமன்றம் தடுத்ததே தவிர, பெயரை அவரிடமிருந்து பறிக்கவில்லை. 2020-இல் அவர் காலமாகும் வரை அந்தப் பெயர் அவரிடமே இருந்தது. கோடிக்கணக்கில் கார் விற்ற கம்பெனியோ அமெரிக்காவில் 'நிஸ்ஸான்யுஎஸ்ஏ டாட் காம்' என்ற நீண்ட பெயரோடு திருப்தியடைய வேண்டியதாயிற்று. நியாயமாகத் தம் சொந்தப் பெயரை முதலில் பதிவு செய்தவருக்கு எத்தனை பலம் உண்டு என்பதும், அந்தப் பலத்தைக் காப்பாற்றிக்கொள்ள எத்தனை அலைச்சலும் செலவும் பிடிக்கும் என்பதும் இவ்வழக்கில் ஒருங்கே விளங்குகின்றன.

ஆகையால் புதிதாகக் கம்பெனி தொடங்குகிறவர், பெயர்ப்பலகைக்குச் சொல்லுமுன், லெட்டர்பேடு அச்சடிக்குமுன், ஜி.எஸ்.டி. பதிவுக்கு எழுதுமுன், டொமைன் கிடைக்கிறதா என்பதையும் அதே பெயரில் டிரேட்மார்க் யாரிடமேனும் இருக்கிறதா என்பதையும் ஒரே அமர்வில் பார்த்துவிட வேண்டும். இரண்டையும் இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். கம்பெனிப் பதிவாளர் ஒரு பெயரை அனுமதித்துவிட்டார் என்பதனால் அந்தப் பெயரில் டிரேட்மார்க் உரிமை வந்துவிட்டதாக அர்த்தமில்லை. டொமைன் கிடைத்துவிட்டது என்பதனாலும் வந்துவிடுவதில்லை. மூன்றும் மூன்று வெவ்வேறு வாசல்கள். ஆயத்த ஆடைக்குரிய டிரேட்மார்க் வகுப்பு 25. தனி நபரோ சிறு ஸ்தாபனமோ இணையவழியாக மனுச் செய்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்க்கு 9,000 ரூபாய். பதிவானால் பத்தாண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். தெய்வப் பெயரையும் புண்ணிய நூற்பெயரையும் மாத்திரம் நம்பியிருப்பவர் அறிந்துகொள்ள வேண்டிய தீர்ப்பு ஒன்றும் உண்டு: 'ராமாயண்' என்ற பெயரை ஊதுவத்திக்குத் தனியுரிமையாகக் கேட்ட ஒரு வியாபாரிக்கு, புனித நூலின் பெயரை எவரும் தமக்கென்று வளைத்துக்கொள்ள முடியாது என்று 2015-இல் உச்சநீதிமன்றம் கூறிவிட்டது. எனவே முருகன் பெயரைத் தாராளமாக வைக்கலாம். ஆனால் அதனோடு நமக்கே உரிய ஒரு சொல்லையும் சேர்த்து அமைத்தால்தான் அது காப்பாற்றத் தக்க பெயராகும்.

அடுத்தது எழுத்து. தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும்போது வரும் தடுமாற்றம் நாம் அனைவரும் அனுபவத்தில் அறிந்தது. ஊர்ப்பெயராகிய திருப்பூரையே 'டி' எழுத்துக்குப் பின் 'ஹெச்' சேர்த்தும் சேர்க்காமலும், 'பி'யை ஒன்றாகவும் இரண்டாகவும் எழுதி, நான்கு விதமாகப் பலகைகளில் காண்கிறோம். 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தை உச்சரிப்புக்கேற்ப மாற்றி ஆணையிட்டு, எதிர்ப்பு எழுந்தவுடன் சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அரசாங்கத்துக்கே இத்தனை சிரமமானால், டெலிபோனில் ஒருமுறை பெயரைக் கேட்டுவிட்டு ஜெர்மனியில் அமர்ந்து தட்டச்சு செய்யும் பையர் என்ன செய்வார்? 'எழில்' என்ற இனிய பெயரில் உள்ள ழகரம் அவர் காதில் ஒன்றாகவும் கணினித் திரையில் வேறாகவும் முடியும். நெடில் குறிலுக்கு ஒற்றை 'ஏ'யா இரட்டை 'ஏ'யா என்ற ஐயம் எழும் பெயர்களும் அப்படியே. ஆகவே தேர்ந்தெடுத்த பெயரை, தமிழ் அறியாத ஒருவரிடம் வாயால் ஒரு தரம் சொல்லி, அவரை எழுதிக் காட்டச் சொல்ல வேண்டும். அவர் பிழையின்றி எழுதினால் அந்தப் பெயர் ஏற்றுமதிக்கு உகந்தது. பிழையாக எழுதினாலோ, ஒன்று பெயரை மாற்ற வேண்டும், அல்லது அவர் எழுதிய அந்தப் பிழை வடிவத்தையும் சேர்த்துப் பதிவு செய்து, உண்மையான முகவரிக்குத் திருப்பிவிட வேண்டும். இடையில் சிறுகோடு வைத்த பெயர்களும், எண்ணா எழுத்தா என்று மயங்கச் செய்யும் பெயர்களும் வாயால் சொல்லும்போது தொல்லை தருபவை. அவற்றைத் தவிர்ப்பது நலம்.

டாட் காம் எடுப்பதா, டாட் இன் எடுப்பதா என்று கேட்பவர்கள் உண்டு. அயல்நாட்டு வியாபாரம் செய்கிறவர் இரண்டையும் எடுப்பதே முறை. கையிலுள்ள கம்பெனிப் பெயருக்கு ஒன்றும், நாளை சொந்தப் பிராண்டு ஒன்று ஆரம்பிக்கும் உத்தேசமிருந்தால் அந்தப் பிராண்டின் பெயருக்கு ஒன்றுமாக எடுத்து வைத்தாலும் ஆண்டுச் செலவு ஒரு சாம்பிள் கூரியரின் செலவைத் தாண்டுவது அபூர்வம். முதலீடு என்ற சொல்லுக்கு இங்கே நான் கொள்ளும் பொருள் இதுவே: தன் பெயரைத் தானே முன்கூட்டிக் காத்து வைத்தல்.

வேறொரு விதமான முதலீடும் உண்டு. பிற்காலத்தில் யாருக்கேனும் தேவைப்படும் என்று ஊகித்துப் பெயர்களை வாங்கி வைத்திருந்து விற்பது. பொதுச் சொற்களாலான பெயர்களை இப்படி வைத்திருப்பது சட்டப்படி குற்றமன்று. சில பெரும் விலைக்குப் போயிருப்பதும் உண்மை. 2010-இல் 'இன்ஷூரன்ஸ் டாட் காம்' மூன்றரைக் கோடி டாலருக்கு மேலும், 2019-இல் 'வாய்ஸ் டாட் காம்' மூன்று கோடி டாலருக்கும் விற்றன. இந்தச் செய்திகளைப் படித்துவிட்டு நூறு பெயர்களை வாங்கிப் போடும் இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது, விற்காத பெயர்களைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதுவதில்லை என்பதும், விற்காத ஒவ்வொரு பெயருக்கும் ஆண்டுதோறும் கட்டணம் கட்ட வேண்டும் என்பதுமே. தொழிலில் போடத்தக்க மூலதனத்தை இதில் முடக்குவது உசிதமன்று.

பிறர் பெயரை எடுத்து வைத்துக்கொண்டு அவரிடமே விலை பேசுவதோ தர்மமும் அன்று, சட்டமும் அன்று. யாஹூ கம்பெனி தன் பெயரோடு 'இந்தியா' சேர்த்துப் பதிவு செய்தவர்மீது தொடுத்த வழக்கில் 1999-இலேயே டில்லி உயர்நீதிமன்றம் தடை விதித்தது. அதைவிட முக்கியமானதும் நமக்கு அணித்தானதும் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே கம்பெனியின் வழக்கு. தன் பெயரிலுள்ள எழுத்துக்களைக் கோத்து 'சிஃபி' என்ற புதுச்சொல்லை அது உண்டாக்கி, 1999-இல் 'சிஃபிநெட்' முதலிய பெயர்களைப் பதிவு செய்து நடத்தி வந்தது. பின்னர் 'சிஃபிநெட்' என்றே ஒலிக்கும்படி ஓரெழுத்தை மட்டும் இரட்டித்து வேறொரு கம்பெனி பெயர் பதிவு செய்துகொண்டது. கேட்டபோது, தங்கள் கம்பெனியை நிறுவிய ஐவருடைய பெயர்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்தே அந்தப் பெயரை அமைத்ததாக அக்கம்பெனி காரணம் கூறிற்று. கூட்டாளிகளின் முதலெழுத்துக்களால் பெயர் வைக்கும் நம் ஊராருக்கு இந்தக் காரணம் மிகவும் இயல்பாகத் தோன்றும். கீழ்நீதிமன்றம் சத்யத்துக்குச் சாதகமாகத் தடை விதித்தது. கர்நாடக உயர்நீதிமன்றம் அதை மாற்றியது. முடிவில் 2004 மே 6-ஆம் தேதி உச்சநீதிமன்றம் சத்யத்தின் பக்கமே தீர்ப்பளித்து, டொமைன் பெயர் வெறும் முகவரியன்று, வியாபாரத்தை இனங்காட்டும் அடையாளமும் ஆகும் என்றும், இந்தியாவில் இதற்கெனத் தனிச்சட்டம் இல்லாவிட்டாலும், பிறர் பொருளைத் தன் பொருள்போலக் காட்டி விற்பதைத் தடுக்கும் டிரேட்மார்க் நியாயங்கள் இதற்கும் பொருந்தும் என்றும் நிலைநாட்டியது. முதலெழுத்துக் கதை அங்கே எடுபடவில்லை. முதலில் உபயோகித்து, அந்தப் பெயருக்குச் சந்தையில் கீர்த்தி தேடியவர் எவர் என்பதையே நீதிமன்றம் பார்த்தது. விசிட்டிங் கார்டு, பில், விளம்பரம், கப்பல் ஆவணம் ஆகிய எல்லாவற்றிலும் ஒரே பெயரை ஒரே எழுத்தில் தொடர்ந்து உபயோகித்து, அவற்றின் பிரதிகளை ஆண்டுவாரியாகப் பத்திரப்படுத்தி வைப்பது எத்தனை அவசியம் என்பது இதனால் விளங்கும்.

நீதிமன்றத்துக்குப் போகாமலே பெயரை மீட்கும் வழியும் உண்டு. டாட் காமுக்கு 1999-இல் ஐகான் வகுத்த விதிமுறையும், டாட் இன்னுக்கு 2005 முதல் நிக்ஸியின் விதிமுறையும் நடுவர் முன்னிலையில் விசாரணைக்கு வகை செய்கின்றன. பெயர் நம் டிரேட்மார்க்கோடு மயங்கத்தக்கதாக இருக்கிறது, எடுத்தவருக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, தீய எண்ணத்தோடு நடந்திருக்கிறார் என்ற மூன்றையும் நாம் காட்ட வேண்டும். டாட் காமில் தீய எண்ணம் பதிவிலும் உபயோகத்திலும் சேர்ந்தே இருக்க வேண்டும். டாட் இன்னில் இரண்டில் ஒன்றிருந்தாலே போதும். இதற்கெல்லாம் டிரேட்மார்க் கையில் இருப்பதே அஸ்திவாரம்.

ஊகவியாபாரத்தின் அண்மைக்கால உதாரணமும் நாடறிந்தது. ஜியோவும் ஹாட்ஸ்டாரும் இணையக்கூடும் என்று முன்கூட்டி ஊகித்த டில்லி இளைஞர் ஒருவர் இரு பெயர்களையும் ஒட்டி டாட் காம் பதிவு செய்து வைத்திருந்து, 2024 அக்டோபரில் அதற்கு ஈடாகக் கேம்பிரிட்ஜில் தாம் படிப்பதற்கான செலவைக் கேட்டார். கம்பெனி இணங்கவில்லை, பெயர் துபாயிலுள்ள சிறார் இருவருடைய கைக்கு மாறிற்று, 2025 பிப்ரவரியில் அதே பெயரில் கம்பெனியின் சேவை தொடங்கியும்விட்டது. இளைஞரின் கல்வி ஆசை குறைகூறத் தக்கதன்று. அவர் தேர்ந்த வழிதான் பலனளிக்கக் கூடியதன்று.

இனி, பெயரை முறையாக எடுத்த பின்னும் இழக்க நேரும் வழிகளைச் சொல்ல வேண்டும். நம் சிறு கம்பெனிகள் அதிகம் கஷ்டப்படுவது இங்கேதான். வெப்சைட் செய்து கொடுத்தவரே டொமைனையும் தம் பெயரில், தம் ஈமெயிலில், தம் கணக்கில் பதிவு செய்துவிடுகிறார். பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் அன்று. சௌகரியத்துக்காகவே அப்படிச் செய்கிறார். நாலைந்து வருஷத்தில் அவர் தொழிலை விட்டுவிட்டாலும், ஊரை மாற்றிக்கொண்டாலும், கட்டணத்தில் மனஸ்தாபம் வந்தாலும், கம்பெனியின் பெயர் சட்டத்தின் கண்ணில் அவருடைய பெயராகவே நிற்கும். பதிவில் உரிமையாளர் என்ற இடத்தில் ஸ்தாபனத்தின் பெயரும், தொடர்புக்கு முதலாளி அன்றாடம் பார்க்கும் ஈமெயிலும் டெலிபோனும் இருக்க வேண்டும். அந்த ஈமெயில் அதே டொமைனில் அமைந்த ஈமெயிலாக இருக்கக்கூடாது என்பது நுட்பமான விஷயம். டொமைன் நின்றுபோனால் அந்த ஈமெயிலும் நின்றுபோகும், மீட்கும் கடிதம் வந்து சேராது.

பெரிய ஸ்தாபனங்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. தமிழ்நாட்டில் வேரூன்றி உலகெங்கும் மென்பொருள் விற்கும் ஸோஹோ, முன்னர் அட்வென்ட்நெட் என்ற பெயரில் இருந்து, தன் டொமைனின் பெயரையே 2009-இல் கம்பெனியின் பெயராகவும் ஏற்றுக்கொண்டது. 2018 செப்டம்பர் 24-ஆம் தேதி, அதன் சேவையைச் சில மோசடிக்காரர்கள் துர்உபயோகம் செய்ததாக வந்த புகார்களின் பேரில், பதிவு செய்து தந்த அமெரிக்கக் கம்பெனி திடீரென்று ஸோஹோ டாட் காமையே நிறுத்திவிட்டது. கோடிக்கணக்கானோர் தம் ஈமெயிலையும் கணக்குப் புத்தகத்தையும் திறக்க முடியாமல் தவித்தார்கள். கம்பெனியை நிறுவிய ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் பகிரங்கமாக உதவி கேட்க வேண்டியதாயிற்று. பின்னர் ஸோஹோ தன் பெயரை வேறொரு பதிவாளரிடம் மாற்றிக்கொண்டது. அவசர காலத்தில் டெலிபோனை எடுத்துப் பேசக்கூடிய பதிவாளரிடம் பெயரை வைத்திருப்பது, ஐம்பது நூறு ரூபாய் மலிவாகக் கிடைக்கும் இடத்தில் வைத்திருப்பதைக் காட்டிலும் மேலானது என்பது இந்நிகழ்ச்சியால் யாவருக்கும் விளங்கியது.

எல்லாவற்றிலும் கொடியது போலிப் பெயர். நம் டொமைனில் ஓரெழுத்தை மாற்றி வேறொருவன் பதிவு செய்துகொள்கிறான். ஆங்கிலத்தில் 'ஆர்', 'என்' என்ற இரு சிற்றெழுத்துக்களை அடுத்தடுத்து எழுதினால் அவசரப் பார்வைக்கு 'எம்' போலவே தெரியும். அந்தப் போலி முகவரியிலிருந்து நம்முடைய மெர்ச்சண்டைசர் எழுதுவது போலவே பையருக்குக் கடிதம் போகிறது: எங்கள் வங்கிக் கணக்கில் தணிக்கை நடக்கிறபடியால் இந்த ஷிப்மென்டின் தொகையை இன்ன வேறு கணக்கில் செலுத்துக என்று. பையர் செலுத்திவிடுகிறார், சரக்கு போய்ச் சேர்ந்துவிடுகிறது, பணம் வருவதில்லை. மாதக் கூலியும் நூல் மில்லுக்குத் தர வேண்டிய பாக்கியும் அந்தப் பணத்தை எதிர்பார்த்திருக்கும் ஒரு சிறு யூனிட்டை இப்படி ஒரு கடிதமே படுக்க வைத்துவிடும். ஜிமெயில் போன்ற இலவச ஈமெயிலில் ஏற்றுமதிக் கடிதம் எழுதுகிறவர்களுக்கு இந்த மோசடி இன்னும் எளிதில் நேரும். அங்கே யார் வேண்டுமானாலும் நம் பெயரைப் போன்ற பெயரை எடுத்துக்கொள்ளலாம். சொந்த டொமைன் இருந்தால், நம் பெயரில் கடிதம் அனுப்ப எந்தக் கணினிகளுக்கு அதிகாரம் என்பதை எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்ற மூன்று பதிவுகளால் உலகுக்கு அறிவித்து வைக்கலாம். ஈமெயில் அமைத்துத் தருகிறவரிடம் இந்த மூன்றையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். ஓரெழுத்துப் போலி வடிவங்களில் முக்கியமான இரண்டொன்றை நாமே வாங்கி வைப்பதும், வங்கிக் கணக்கு மாற்றம் எதுவாயினும் டெலிபோனில் பேசி உறுதிசெய்த பின்னரே பணம் அனுப்ப வேண்டும் என்று ஒவ்வொரு பையரிடமும் முன்னதாகவே எழுதி வாங்குவதும் செய்யத்தக்கவை. நம் ரிசர்வ் வங்கியே இந்தப் போலிகளை உத்தேசித்து, எல்லா வங்கிகளும் 2025 அக்டோபர் 31-க்குள் 'டாட் பேங்க் டாட் இன்' என்ற தனி முகவரிக்கு மாறிவிட வேண்டுமென்று கட்டளையிட்டது.

பயமுறுத்திப் பணம் பறிக்கும் கடிதங்களையும் குறிப்பிட வேண்டும். சீனாவில் யாரோ உங்கள் பெயரைப் பதிவு செய்யக் கேட்டிருக்கிறார்கள், நீங்கள் உடனே எங்களிடம் பணம் கட்டினால் தடுத்துவிடுகிறோம் என்று ஒரு கடிதம் பல கம்பெனிகளுக்கு வருவதுண்டு. அதற்குப் பதில் எழுத வேண்டியதே இல்லை.

2025 ஆகஸ்ட் 27-ஆம் தேதி இந்தியச் சரக்குகள்மீது அமெரிக்கா ஐம்பது சதவீத வரி விதித்தபோது, ஒரே நாட்டுப் பையர்களை நம்பியிருந்த யூனிட்டுகளில் ஆர்டர்கள் நின்றதைத் திருப்பூர் கண்கூடாகக் கண்டது. புதிய நாடுகளைத் தேட வேண்டும், உள்நாட்டுச் சந்தையில் சொந்தப் பெயரோடு இறங்க வேண்டும் என்ற பேச்சு அது முதல் வலுத்திருக்கிறது. புதிதாக அணுகப்படும் பையர் ஒருவர், நம் சாம்பிளைத் தொட்டுப் பார்க்குமுன் நம் பெயரைத் தட்டிப் பார்ப்பார். காதர்பேட்டையில் மொத்த வியாபாரம் செய்கிறவரையும் இன்று வெளிமாநிலத்து வாடிக்கையாளர் அப்படித்தான் தேடுகிறார். அங்கே நம் பெயரில் நம் கடை இருக்க வேண்டும்.

திருப்பூரின் தொழில்துறைச் சங்கங்கள் தம் உறுப்பினர்களுக்காக இந்த விஷயத்தில் ஒரு நாள் முகாம் நடத்தி, ஒவ்வொரு கம்பெனியின் டொமைனும் யார் பெயரில் இருக்கிறது, கெடு எந்தத் தேதி, டிரேட்மார்க் இருக்கிறதா என்று சரிபார்த்துக் கொடுத்தால் பெரிய உபகாரமாயிருக்கும். அதுவரை காத்திராமல், இதை வாசிக்கும் ஒவ்வொரு முதலாளியும் இந்த வாரத்திலேயே பதிவாளரின் கணக்கைத் திறந்து, உரிமையாளர் என்ற இடத்தில் தம் ஸ்தாபனத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். வேறு பெயர் இருந்தால், அதை மாற்றி வாங்கிக்கொண்ட பிறகு மற்ற வேலைகளைத் தொடங்கலாம்.